நெகடாக்டர்: காசு கேட்காது, கவனம் கேட்கும்

டிஜிட்டல் படங்களைத் திருத்தும் டார்க்டேபிள் மென்பொருளுக்குள் நெகடாக்டர் என்றொரு மாட்யூல், அதாவது தனிக் கருவி, இருக்கிறது. 2020-இல் வந்த 3.2 பதிப்பிலிருந்து கிடைக்கிறது. கேமராவால் படம்பிடித்த நெகட்டிவைப் பார்க்கக்கூடிய படமாகத் திருப்பித் தருவதுதான் இதன் ஒரே வேலை. லினக்ஸ், விண்டோஸ், மேக் மூன்றிலும் ஓடுகிறது, பைசா செலவில்லை. ஆனாலும் இதைத் திறந்து பத்தே நிமிடத்தில் மூடிவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம். முதல் படம் நீலம் பாரித்து, சாம்பல் பூசியதுபோல வரும். பார்த்தவுடன் மாட்யூல் சரியில்லை என்று தோன்றும். பெரும்பாலும் கோளாறு மாட்யூலில் இருக்காது, அதற்குக் கொடுத்த ஃபைலில் இருக்கும். கட்டண மென்பொருள்கள் அந்தக் கோளாறை ஓரளவு மூடி மறைத்துவிடுகின்றன. நெகடாக்டர் மறைக்காது. இதன் பலமும் அதுதான், பலருக்கு எரிச்சலூட்டுவதும் அதுதான்.

நெகட்டிவைக் கம்ப்யூட்டரில் போட்டு இன்வர்ட் பட்டனை அழுத்தினால் ஏன் வேலை நடப்பதில்லை என்பதிலிருந்து தொடங்கலாம். சி-41 என்ற வழக்கமான முறையில் கழுவிய கலர் நெகட்டிவைக் கையில் எடுத்தால் முழுக்க ஆரஞ்சாகத் தெரியும். அதைப் பலர் ஃபிலிமுக்கு மேல் ஒட்டிய கலர் கண்ணாடித்தாள் போல நினைத்துக்கொண்டு, ஆரஞ்சைக் கழித்துவிட்டால் போதும் என்று இறங்குகிறார்கள். அது தாள் இல்லை. ஃபிலிமில் உருவாகும் மெஜந்தா, சியான் சாயங்கள் சுத்தமானவை அல்ல. தமக்கு வேலையில்லாத நிறங்களையும் கொஞ்சம் விழுங்கும். அந்தக் குறையை ஈடுகட்டத்தான் கோடாக் முதலிய கம்பெனிகள் சாயம் உருவாக்கும் பொருளுக்கே நிறம் கொடுத்து வைத்தன. வெளிச்சம் பட்ட இடத்தில் அந்தப் பொருள் சாயமாக மாறிவிடும், படாத இடத்தில் ஆரஞ்சாகவே நிற்கும். அப்படியென்றால் அந்த ஆரஞ்சு எல்லா இடத்திலும் ஒரே அளவில் இல்லை. படத்துக்கு எதிர்த்திசையில் கூடிக் குறைகிறது. ஒரே எண்ணை எல்லாப் புள்ளியிலும் கழித்தால் நிழலில் ஒரு நிறச் சாய்வு, வெளிச்சத்தில் இன்னொரு நிறச் சாய்வு என்று மிஞ்சுவது அதனால்தான்.

நெகடாக்டர் கழிப்பதில்லை, வகுக்கிறது. கோடாக் 1990-களில் சினிமா ஃபிலிமை டிஜிட்டலுக்கு மாற்ற உருவாக்கிய சினியான் முறைதான் இதற்கு அடிப்படை. சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றிலும் வெறும் ஃபிலிமின் ஒளி அளவோடு ஒப்பிட்டு, லாகரிதத்தில் அடர்த்தி கணக்கிட்டு, அந்த அடர்த்தியை ஒரு கற்பனைப் பேப்பரில் பிரிண்ட் போடுகிறது. ஸ்லைடர்களின் பெயர்களும் இருட்டறையிலிருந்து வந்தவை: பேப்பர் பிளாக், பேப்பர் கிரேடு, பேப்பர் கிளாஸ். லேபில் பிரிண்ட் போட்டுப் பழகியவர்களுக்கு வீட்டுக்கு வந்தது போலிருக்கும். லைட்ரூம் போன்ற படத்திருத்த மென்பொருள் மட்டுமே தெரிந்தவர்களுக்குக் கொஞ்சம் தலைசுற்றும்.

இனி ஃபைல். இந்த மாட்யூலுக்கு மதிப்பெண் போடுமுன் படம்பிடிக்கும் மேசையைப் பார்க்க வேண்டும், ஏனென்றால் முக்கால்வாசித் தோல்வி அங்கேதான் நடக்கிறது. 24 மெகாபிக்சல் ஃபுல் ஃபிரேம் கேமராவும், பொருளை அதன் உண்மை அளவிலேயே சென்சாரில் பதிக்கும் 1:1 மேக்ரோ லென்ஸும் இருந்தால் 24×36 மில்லிமீட்டர் நெகட்டிவின் அகலத்துக்கு 6000 பிக்சல் கிடைக்கும். ஸ்கேனர் கணக்கில் அது அங்குலத்துக்குச் சுமார் 4,200 புள்ளிகள். சாதாரண 200 ஐஎஸ்ஓ ஃபிலிமில் இருக்கும் விவரத்துக்கு இதுவே தாராளம். சென்சார் சிறியதான ஏபிஎஸ்-சி கேமராவுக்கு 1:1 வரை போகத் தேவையில்லை, மூன்றில் இரண்டு பங்கு உருப்பெருக்கம் போதும். அப்பர்ச்சர் எஃப் 5.6-க்கும் எஃப் 8-க்கும் இடையில். எஃப் 16-க்குப் போனால், ஒளி சிறு துளையில் சிதறும் டிஃப்ராக்‌ஷனில் ஃபிலிம் கிரெயினே கரைந்துவிடும். ஐஎஸ்ஓ 100, மேனுவல் மோட், ரா ஃபைல் (சென்சார் பதிந்தது அப்படியே), ஸ்டாண்டு, இரண்டு வினாடி டைமர். ஜேபெக்கில் எடுத்த நெகட்டிவை நெகடாக்டரிடம் கொடுப்பதில் அர்த்தமே இல்லை. கேமரா அதற்கு முன்பே வெளிச்ச அளவுகளை மாற்றும் ஒரு கர்வைப் போட்டு அடர்த்திக் கணக்கைக் குலைத்திருக்கும்.

ஃபிலிமும் சென்சாரும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்கின்றனவா என்று பார்க்கத் தனிக் கருவி வேண்டாம். ஃபிலிம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சின்ன முகக்கண்ணாடியை மல்லாக்க வைத்து, லைவ் வியூவில் பாருங்கள். லென்ஸின் பிம்பம் திரையின் நட்ட நடுவில் தெரிந்தால் நேராக இருக்கிறது. ஓரமாகத் தெரிந்தால் கேமரா சாய்ந்திருக்கிறது, அப்படியே விட்டால் ஃபிரேமின் ஒரு மூலை மட்டும் மங்கலாக வரும்.

ஒளிப்பலகையில் கஞ்சத்தனம் காட்டாதீர்கள். நிறத் துல்லியம் 95 சிஆர்ஐக்கு மேல் என்று குறிப்பிட்ட எல்.ஈ.டி பலகை வேண்டும். விலை மலிந்த டிரேசிங் பலகைகளில் சிவப்புப் பகுதி பலவீனமாக இருக்கும். முகத்தின் நிறம் செத்துப்போய் வருவது அதனால். டேப்லெட் திரையைப் பலகையாக வைப்பவர்கள் ஃபிலிமை நேரடியாகக் கண்ணாடிமேல் வைத்தால் படம் முழுக்கப் பிக்சல் வலை விழும். நடுவில் வெள்ளை அக்ரிலிக் துண்டு ஒன்றும் நான்கைந்து சென்டிமீட்டர் இடைவெளியும் இருந்தால் அது மறையும். ஆனாலும் இது அவசரத்துக்குத்தான். சிவப்பு, பச்சை, நீலம் என்று தனித்தனி எல்.ஈ.டி கொண்ட பலகைகள் நிறங்களை நன்றாகப் பிரித்துத் தரும். சாயங்கள் ஒன்றோடொன்று கலந்து பதிவது குறைவதால் இலைப் பச்சையும் புடவைச் சிவப்பும் தெளிவாகத் தனித்து நிற்கும். முதல் பலகையாக அதை வாங்கச் சொல்ல மாட்டோம்.

ஃபிலிமைச் சுற்றித் தெரியும் வெற்று வெளிச்சத்தைக் கறுப்புத் தாளால் மறைப்பது பலர் விட்டுவிடும் சின்ன வேலை. ஃபிலிமின் ஓரத்தில் வரிசையாக இருக்கும் ஸ்பிராக்கெட் ஓட்டைகள் வழியே வரும், ஃபிலிமால் வடிகட்டப்படாத வெளிச்சம் லென்ஸுக்குள் சிதறி, ஃபிரேமின் மேல், கீழ் விளிம்புகளில் மெல்லிய திரைபோலப் படியும். பாசிட்டிவில் அது கருத்த பட்டையாக மாறும், எந்த ஸ்லைடராலும் முழுசாகப் போகாது. அதே சமயம் ஃபிலிமின் வெறும் பாகம் கொஞ்சமாவது ஃபிரேமுக்குள் இருந்தே ஆக வேண்டும். இரண்டு படங்களுக்கு நடுவே இருக்கும் இரண்டு மில்லிமீட்டர் இடைவெளி போதும். அந்தக் கீற்றில்தான் மொத்தக் கணக்கும் தொங்குகிறது.

எக்ஸ்போஷரை எதை வைத்து நிர்ணயிப்பது? நெகட்டிவில் மிக வெளிச்சமான இடம் அந்த வெறும் ஃபிலிம்தான். அது வெட்டுப்படாமல், அதாவது சென்சாரின் எல்லையைத் தாண்டி விவரம் இழக்காமல், ஆனால் விளிம்புவரை நிரம்பும்படி ஷட்டரை வையுங்கள். கேமராவின் பின்திரையில் வெளிச்சப் பரவலைக் காட்டும் ஹிஸ்டோகிராம் ஜேபெக் கணக்கில் காட்டுவது, அதை முழுசாக நம்ப முடியாது. டார்க்டேபிளில் ரா அளவில் வெட்டுப்பட்டதைக் காட்டும் எச்சரிக்கை இருக்கிறது, முதல் ஃபிரேமை அதில் பார்த்துவிட்டு மீதி ரோலைத் தொடருங்கள். ஆரஞ்சு ஃபிலிமில் முதலில் நிரம்பி வழிவது சிவப்புதான். நீலம் அதைவிட இரண்டு ஸ்டாப்புக்கு (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரு மடங்கு) மேல் பின்தங்கியிருக்கும். சிவப்பு வெட்டுப்பட்டால் வெறும் ஃபிலிமின் அளவும் பொய், மெல்லிய நிழல்களின் அளவும் பொய். பாசிட்டிவில் நிழல்களில் சிவப்பே இல்லாமல், தலைமுடி பச்சை கலந்த நீலமாக வரும். அப்படி ஒரு படத்தை நெகடாக்டரின் திருத்தங்களால் சரிக்கட்ட முயல்வது வீண். மறுபடி எடுப்பதுதான் சுருக்கமான வழி. ரோல் முழுக்க ஒரே ஷட்டர், ஒரே அப்பர்ச்சர். அடர்த்தி கூடிய, கனமான ஃபிரேம் வந்தாலும் மாற்றாதீர்கள், காரணம் பின்னால் வரும்.

கடைசியாக ஃபிலிம் இல்லாத வெற்றுப் பலகையை ஒரு படம் எடுத்து வையுங்கள், இது வெட்டுப்படாமல் ஷட்டரைக் குறைத்து. பின்னால் ஒயிட் பேலன்ஸ் எடுக்க அது தேவைப்படும்.

தூசியைப் பற்றி ஒரு வரி: கேமரா வழியில் இன்ஃப்ராரெட் தூசி நீக்கம் கிடையாது. ரப்பர் ஊதியால் இரண்டு பக்கமும் ஊதிவிட்டு எடுப்பது, பிறகு ரீடச் மாட்யூலில் ஒவ்வொரு புள்ளியாக உட்கார்ந்து துடைப்பதைவிடப் பல மடங்கு லாபம்.

இப்போது டார்க்டேபிள். முதலில் அமைப்புகளில், பட ஃபைலைத் திறந்ததும் தானாகச் சேரும் மாட்யூல்களை நிறுத்திவிடுங்கள். அந்தத் தேர்வை எதுவுமில்லை என்று வைத்தால் போதும். ஏற்கெனவே திறந்த படமென்றால் வெளிச்சத்தையும் காண்ட்ராஸ்டையும் வளைக்கும் ஃபில்மிக் ஆர்ஜிபி, சிக்மாய்டு, பேஸ் கர்வ் மாட்யூல்களில் எது எரிந்துகொண்டிருந்தாலும் அணைத்துவிடுங்கள். ஃபிலிமுக்கென்று ஒரு டோன் கர்வ் ஏற்கெனவே இருக்கிறது, அதன்மேல் இன்னொன்றைப் போட்டால் முகங்கள் களிமண் போலாகும். கலர் கேலிப்ரேஷனும் வேண்டாம். எக்ஸ்போஷர் மாட்யூல் தானாகச் சேர்ந்து அரை ஸ்டாப்புக்கு மேல் ஏற்றியிருக்கலாம், அதையும் அணைக்கவும். பிறகு வெற்றுப் பலகைப் படத்தைத் திறந்து, ஒயிட் பேலன்ஸ் மாட்யூலில் படத்தின் பகுதியிலிருந்து எடுக்கும் பிக்கரால் அளவெடுத்து, அந்த ஒயிட் பேலன்ஸை ரோலின் எல்லாப் படங்களுக்கும் ஒட்டுங்கள். நெகட்டிவ் லேப் ப்ரோ என்ற கட்டண மென்பொருளில் பழகியவர்கள் ஆரஞ்சு விளிம்பைக் கிளிக் செய்து ஒயிட் பேலன்ஸ் எடுப்பார்கள். இங்கே ஆரஞ்சைக் கவனிப்பது நெகடாக்டரின் பொறுப்பு, ஒயிட் பேலன்ஸ் விளக்கை மட்டும் கவனித்தால் போதும்.

நெகடாக்டரில் மூன்று பக்கங்கள். முதலாவது ஃபிலிமின் குணங்கள். கலரா கறுப்பு வெள்ளையா என்று தேர்ந்தெடுக்கும் இடம் உச்சியிலேயே இருக்கிறது. ஊட்டியின் ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் போட்ட 'இந்து' பிராண்டு கறுப்பு வெள்ளை ரோல்கள் பெட்டியில் கிடந்தால் அவற்றுக்கு இரண்டாவது தேர்வு. அடுத்தது டி மின், வெறும் ஃபிலிமின் நிறம். பிக்கரை எடுத்து, ஃபிரேம்களுக்கு நடுவே இருக்கும் ஆரஞ்சுக் கீற்றுக்குள் மட்டும் ஒரு செவ்வகம் வரையுங்கள். தூசியோ, கீறலோ, விளிம்பில் அச்சான எழுத்தோ உள்ளே வரக் கூடாது. ரோலின் தொடக்கத்தில் இருக்கும் வால்பகுதியை எடுத்துவிடுகிறவர்களும் உண்டு. கேமராவில் மாட்டும்போது அது வெளிச்சம் பட்ட பாகம், கழுவிய பிறகு கன்னங்கரேலென்று இருக்கும். ஃபிலிமின் உச்ச அடர்த்தி அது, டி மின்னுக்கு நேர் எதிர்.

பிறகு டி மேக்ஸ், ஃபிலிமின் அடர்த்தி வீச்சு. இங்கே செவ்வகம் படப் பகுதியை மட்டும் அடக்க வேண்டும். ஃபிலிமைப் பிடித்திருக்கும் ஹோல்டரின் கறுப்பு விளிம்பு ஒரு நூலளவு உள்ளே வந்தாலும் அதைத்தான் மிகக் கனமான இடம் என்று மாட்யூல் எடுத்துக்கொள்ளும், டி மேக்ஸ் தாறுமாறாக ஏறும், படம் சாயம் போன துணிபோல் வெளுக்கும். "எனக்கு மட்டும் காண்ட்ராஸ்டே வரவில்லை" என்ற புலம்பலுக்குப் பத்தில் எட்டு முறை இதுதான் காரணம் என்று அடித்துச் சொல்லலாம். மூன்றாவது ஸ்கேன் எக்ஸ்போஷர் பயஸ். இது கறுப்பு எங்கே தொடங்க வேண்டும் என்று நிர்ணயிப்பது, இதற்கும் அதே செவ்வகம். ஸ்பிராக்கெட் ஓட்டை உள்ளே வந்தால் இது தப்பாகும். மூன்றையும் இந்த வரிசையில்தான் செய்ய வேண்டும். ஒயிட் பேலன்ஸையோ எக்ஸ்போஷரையோ பிறகு தொட்டால் மூன்றையும் முதலிலிருந்து எடுக்க வேண்டும். அடியில் நின்ற தரையே நகர்ந்துவிட்டது, மேலே கட்டியது எப்படி நிற்கும்?

இரண்டாவது பக்கம் திருத்தங்கள்: நிழலின் நிறச் சாய்வு, வெளிச்சத்தின் ஒயிட் பேலன்ஸ். புதிதாகக் கழுவிய ரோலுக்கு, டி மின் ஒழுங்காக எடுத்திருந்தால், பகல் வெளிச்சப் படங்களில் இந்தப் பக்கம் பெரும்பாலும் தேவைப்படாது. நிழலை முதலில், வெளிச்சத்தை அடுத்து என்ற வரிசை முக்கியம். வெளிச்சத்தின் கணக்கு நிழலுக்குக் கொடுத்த எண்களைப் பயன்படுத்துகிறது. மாற்றிச் செய்தால் ஒன்றை நேராக்கும்போது மற்றொன்று கோணும், மாலைவரை ஓடிக்கொண்டே இருக்கலாம்.

மூன்றாவது பக்கம் பிரிண்ட். பேப்பர் பிளாக், கறுப்பு எவ்வளவு கறுப்பு. பேப்பர் கிரேடு, காண்ட்ராஸ்ட். தொடக்க மதிப்பு 4. டார்க்டேபிளின் கையேடு ஒரு அளவுகோல் தருகிறது: கிரேடிலிருந்து டி மேக்ஸைக் கழித்தால் 2-க்கும் 3-க்கும் இடையில் வர வேண்டும். கையேட்டில் இந்த ஒரு வரி போதும், மற்றதை மறந்தாலும் பரவாயில்லை. எண் அந்த எல்லைக்கு வெளியே போனால் கிரேடைத் தொடாதீர்கள், திரும்பிப் போய் டி மேக்ஸ் செவ்வகத்தைப் பாருங்கள். பேப்பர் கிளாஸ் பிரகாசமான பகுதிகளை அமுக்கித் தரும், இறக்கினால் மேட் பேப்பர் பிரிண்ட் போல மேகங்கள் இதமாகும். கடைசியில் பிரிண்ட் எக்ஸ்போஷர், மொத்த வெளிச்சம்.

ஒரு ஃபிரேமைக் கிட்டத்தில் பார்ப்போம். கல்யாண மண்டப வாசல், மதிய வெயில், 200 ஐஎஸ்ஓ ஃபிலிம், வேட்டி சட்டையில் நாலு பேர், ஒருவர் கையில் கறுப்புக் குடை, பின்னால் வாழைமரம், தரை சிமென்ட். டி மின் எடுத்ததும் படம் திரும்பிவிடும், ஆனால் கறுப்புகள் சாம்பலாக நிற்கும். டி மேக்ஸ் 1.5 என்று வந்தால் நான்கிலிருந்து போக 2.5, நல்ல எண். ஸ்கேன் பயஸ் எடுத்ததும் குடை கறுப்பாக உட்காரும். இப்போது குடையின் மடிப்பில் லேசான நீலம் தெரிகிறது. நிழல் பிக்கரைக் குடைமேல் வைக்க, போய்விடுகிறது. அடுத்து வெளிச்சம். வெள்ளை வேட்டி இருக்கிறதே என்று எல்லோருடைய கையும் அங்கேதான் போகும். வேண்டாம். வேட்டி சட்டைக்குச் சொட்டு நீலம் போட்டுத் துவைத்திருப்பார்கள், அது நடுநிலை வெள்ளை கிடையாது. அதை வெள்ளை என்று சொன்னால் மாட்யூல் நீலத்தைக் குறைக்கும், முகங்களில் மஞ்சள் ஏறும், வாழை இலை வதங்கியது போலாகும். வெயில் விழுந்த சிமென்ட் தரைதான் சரியான இடம். நிழலில் இருக்கும் சிமென்ட் வானத்தின் நீலத்தை வாங்கியிருக்கும், அதுவும் கூடாது. வெயில் சிமென்டில் பிக்கரை வைத்தால் வேட்டி தன் நீல வெண்மையோடு வெளுப்பாக நிற்கும், பட்டுக் கரை தங்கமாக நிற்கும், முகங்கள் மாநிறமாக வரும். பிரிண்ட் எக்ஸ்போஷரை முகம் பளிச்சென்று தெரியும்வரை ஏற்றத் தோன்றும். ஏற்றினால் வேட்டியின் மடிப்புகள் அழியும். கிளாஸைக் கொஞ்சம் இறக்கிவிட்டு ஏற்றினால் இரண்டும் தங்கும். பழைய ஆல்பத்தில் இருக்கும் பிரிண்டைப் பக்கத்தில் வைத்து அதன் நிறத்துக்கு இழுக்க வேண்டாம். இத்தனை வருஷத்தில் அந்தப் பிரிண்டும் மங்கியிருக்கும்.

இதே மண்டபத்தின் உள்ளே எடுத்த ஃபிரேம்கள் வேறு கதை. முன்னால் ஃபிளாஷ், பின்னால் டியூப்லைட். முகத்தைச் சரிசெய்தால் பின்சுவர் பச்சையாகும், சுவரைச் சரிசெய்தால் முகம் மெஜந்தா அடிக்கும். இது நெகடாக்டரின் குறை அல்ல. ஒரு படத்துக்குள் இரண்டு விளக்கு இருந்தால் மூன்று ஸ்லைடர் என்ன செய்ய முடியும்? முகத்தை எடுத்துக்கொண்டு, சுவரைப் பிறகு மாஸ்க் போட்டு நிறம் குறைத்துவிடுவதுதான் நடைமுறை.

ரோலின் மீதிப் படங்களுக்கு வரும்போது ஒரே எக்ஸ்போஷரில் எடுத்ததன் பலன் தெரியும். டி மின் ரோலுக்கு ஒன்றுதான். முதல் ஃபிரேமின் நெகடாக்டர் அமைப்பை நகலெடுத்து எல்லாவற்றுக்கும் ஒட்டினால், பகலில் வெளியே எடுத்த படங்கள் பெரும்பாலும் நேராக வந்து நிற்கும். பிரிண்ட் எக்ஸ்போஷரை மட்டும் ஃபிரேமுக்கு ஃபிரேம் மாற்றினால் போதும். டி மேக்ஸ் பிக்கரை ஒவ்வொரு ஃபிரேமுக்கும் புதிதாகப் போடும் பழக்கம் தேவையில்லாதது. சாயங்கால மேகமூட்டப் படத்தின் மங்கலைக்கூட அது இழுத்து நண்பகலாக்கிவிடும். எடுத்த நேரத்தின் வெளிச்சம் படத்தில் இருக்கட்டும் என்றால் ரோலுக்கு ஒரு டி மேக்ஸ் போதும். ஷட்டரை நடுவில் மாற்றி எடுத்திருந்தால் இந்தச் சௌகரியம் எல்லாம் போச்சு.

பழைய நெகட்டிவ்களில் நிலைமை கடினம். அலமாரியில், பிளாஸ்டிக் உறைக்குள், ஈரப்பதத்தோடு இருபது முப்பது வருஷம் கிடந்தவற்றில் சாயங்கள் ஒரே அளவில் மங்குவதில்லை. ஒன்று முந்தும், இன்னொன்று பிந்தும். டி மின் சரியாக எடுத்தாலும் நிழல் ஒரு பக்கமும் வெளிச்சம் ஒரு பக்கமும் இழுக்கும். திருத்தங்கள் பக்கம் பிறவியெடுத்ததே இதற்காகத்தான். நிழலுக்கு மூன்று, வெளிச்சத்துக்கு மூன்று என்று ஆறு ஸ்லைடர்களைக் கொண்டு பல ரோல்களை மீட்க முடிகிறது. பூஞ்சை தின்ற இடம் மட்டும் மீளாது, அங்கே படம் பதிந்த எமல்ஷன் படலமே இல்லை. விளிம்பைக் கத்தரித்துத் தனித்தனி ஃபிரேமாக வைத்திருந்தால் டி மின் எடுக்க இடமே இருக்காது. அப்போது அதே உறையில் இருக்கும் பக்கத்துத் துண்டிலிருந்து எடுத்து, எண்களை அப்படியே ஒட்டுங்கள். அதுவும் இல்லையென்றால் படத்திலேயே மிக மெல்லிய இடத்தை, உதாரணமாகக் கட்டிலுக்கு அடியில் இருக்கும் இருட்டை, வெறும் ஃபிலிம் என்று வைத்துக்கொண்டு கண்ணால் திருத்தலாம்.

ஆரஞ்சு இல்லாத ஃபிலிம்களும் உண்டு. ஹார்மன் 2023 டிசம்பரில் வெளியிட்ட ஃபீனிக்ஸ் 200-க்கு ஆரஞ்சுப் படலம் கிடையாது. ஆரஞ்சை எதிர்பார்த்து எழுதிய கருவிகள் அங்கே தடுமாறும். நெகடாக்டருக்கு ஆரஞ்சைப் பற்றி எந்த முன்முடிவும் இல்லை, டி மின்னில் காட்டிய நிறம் எதுவோ அதுவே அடிப்படை. அந்த ஃபிலிமின் காண்ட்ராஸ்ட் முரட்டுத்தனமானது, கிரேடை நான்கிலிருந்து இறக்க வேண்டியிருக்கும். சினிமா நெகட்டிவ் ஃபிலிமில் இதற்கு நேர்மாறு. அது மென்மையானது, கிரேடை ஏற்ற வேண்டும்.

குறைகள். ஒளிப்பலகையின் வெளிச்சம் நடுவில் கூடுதலாகவும் ஓரத்தில் குறைவாகவும் இருந்தால், அந்த ஏற்றத்தாழ்வு பாசிட்டிவில் தலைகீழாக, ஓரங்கள் வெளுத்து வரும். வெற்றுப் பலகைப் படத்தை வைத்து அதை வகுத்துச் சமன்செய்யும் வசதி டார்க்டேபிளில் நேரடியாக இல்லை. ராதெரபி என்ற இன்னொரு மென்பொருளில் ஃபிளாட் ஃபீல்டு என்ற பெயரில் அது இருக்கிறது, 2019-இல் வந்த 5.7 பதிப்பிலிருந்து நெகட்டிவைத் திருப்ப ஃபிலிம் நெகட்டிவ் கருவியும் இருக்கிறது, அதுவும் இலவசம். பலகை மோசமாக இருந்து, மாற்ற வழியில்லையென்றால் ராதெரபியே மேல். நெகடாக்டரின் இன்னொரு குறை அதன் பிக்கர்கள்: செவ்வகம் கொஞ்சம் நகர்ந்தாலும் எண்கள் குதிக்கின்றன, எந்த எண் நியாயமானது என்று மாட்யூல் எதையும் சொல்வதில்லை. டி மேக்ஸ் 4 என்று வந்தாலும் வாய் திறக்காது. மூன்றாவது, தானியங்கி என்று ஒன்றுமே இல்லை. முப்பத்தாறு படத்தையும் போட்டுவிட்டு டீ குடித்துவிட்டு வரலாம் என்ற கதை இங்கே நடக்காது.

அந்தக் கதை நெகட்டிவ் லேப் ப்ரோவில் நடக்கும். லைட்ரூம் கிளாசிக்கோடு சேர்ந்து ஓடும் பிளக்இன் அது. 99 டாலர் ஒரே முறை, 12 படம்வரை இலவசமாகச் சோதிக்கலாம். லைட்ரூம் சந்தா தனி. விளிம்பில் ஒயிட் பேலன்ஸ் எடுத்து, விளிம்பை வெட்டிவிட்டு, ஒரு பட்டனை அழுத்தினால் லேபில் ஸ்கேன் செய்தது போன்ற நிறத்தில் படம் வந்துவிடும். ஃபிரான்டியர், நோரிட்சு என்று லேப் மெஷின்களின் பெயரிலேயே நிற மாதிரிகள் வைத்திருக்கிறார்கள், அவை அழகாகவும் இருக்கின்றன. முதல் படத்தின் தரத்தில் நெகடாக்டர் அதன் பக்கத்தில்கூட நிற்காது. ஆனால் அது லைட்ரூமின் கர்வைத் தலைகீழாக்கி வேலை செய்வதால், திருப்பிய பிறகு லைட்ரூமின் எக்ஸ்போஷர், ஷேடோ ஸ்லைடர்கள் எதிர்த்திசையில் ஓடும். அதைத் தவிர்க்கத் தனியாக டிஃப் வடிவத்தில் ஒரு நகல் எடுக்க வேண்டும். படம் ஏன் இந்த நிறத்தில் வந்தது என்று அதனிடம் கேட்டால் பதில் கிடைக்காது. நெகடாக்டரில் ஒவ்வொரு எண்ணுக்கும் ஃபிலிமில் ஒரு காரணம் இருக்கிறது, கெட்டுப்போனால் எந்தக் கட்டத்தில் கெட்டது என்று திரும்பி நடந்து கண்டுபிடிக்கலாம்.

லைட்ரூம் சந்தா ஏற்கெனவே கட்டுகிறவர், வீட்டு ஆல்பத்தின் பத்துப் பதினைந்து ரோலை ஒரு விடுமுறையில் முடிக்க வேண்டும் என்றால் 99 டாலர் கொடுத்துவிடலாம், வருத்தப்பட மாட்டார். இன்னும் ஃபிலிமில் எடுத்துக்கொண்டிருப்பவருக்கும், நூற்றுக்கணக்கான ரோல்களை வைத்திருக்கும் ஸ்டூடியோக்காரருக்கும், மங்கிப்போன நெகட்டிவ்களோடு மல்லுக்கட்டுகிறவருக்கும் நெகடாக்டர்தான். முதல் ரோலுக்கு ஒரு முழு மாலை போகும். மூன்றாவது ரோலுக்குள் கை தானாகப் போகும்.

படங்களை வெளியே எடுக்கும்போது பாதுகாக்கும் பிரதிக்கு 16 பிட் டிஃப், அனுப்புவதற்கு ஜேபெக். ரா ஃபைலை வேறு டிஸ்க்குக்கு மாற்றினால் பக்கத்திலேயே இருக்கும் எக்ஸ்எம்பி ஃபைலையும் கூடவே மாற்றுங்கள். டி மின் முதல் கிளாஸ்வரை போட்ட எண்கள் எல்லாம் அந்தச் சின்ன ஃபைலில்தான் இருக்கின்றன. அதை விட்டுவிட்டு வந்தால் கையில் மிஞ்சுவது மறுபடியும் ஆரஞ்சு நெகட்டிவ்தான்.